மூக்குத்தியின் இரண்டாவது கன்று

பட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் வந்து நாலு வார்த்தை சொல்லச் சொல்லி, பண்ணை முதலாளியம்மா, எங்கள் சின்யோரா, கேட்டார். நேரில் வந்தால் ஐந்து நிமிடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும். போன சனிக்கிழமையே பார்த்தேன். நாம்பனின், அதுதான் காளையின், பின்னங்கால் மண்ணில் எப்படிப் பதிகிறது என்று பார்க்கச் சொன்னால், இரண்டு பேர் அதைப் படம் எடுத்துக்கொண்டு நின்றீர்கள். அதனால் எழுதியே தருகிறேன். எழுதும்போது நான் கொஞ்சம் நல்ல மனுசி.

தீனி போடுவதையும் ஊசி அடிப்பதையும் வேலி கட்டுவதையும் மற்றவர்கள் காட்டித் தருவார்கள். நான் சொல்லப்போவது மார்க் போடும் நாளைப் பற்றி. ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் ஹியர்ஃபோர்ட் மாடுகள் இரும்புக் கம்பி வேலிக்கு நடுவே உள்ள அந்த ஒடுங்கிய பாதையால் ஒவ்வொன்றாக வரும். உடம்பு சிவப்பு, முகம் வெள்ளை, எல்லாம் ஒரே அச்சு. எது இனப்பெருக்கத்துக்கு நிற்கும், எது இறைச்சிக்கு லொறி ஏறும் என்று அன்றைக்கு முடிவாகும். உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் ஒரு உயிர் இருக்கும். அந்த வேலையில் நான் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டபின் நீங்கள் என்னை மதிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதே பிழையை விடாமல் இருந்தால் போதும்.

நான் மாட்டுக்காரியாக இத்தாலிக்கு வரவில்லை. பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் ஒரு அறையும் குசினியுமான வீட்டில் இருந்துகொண்டு, சின்யோராவின் வயதுபோன தாயைப் பார்க்கும் வேலைக்குப் போய்வந்தேன். சின்யோராவின் தகப்பன் செத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையில் இருக்கும் பண்ணை வீட்டைக் கூட்டித் துடைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பசு கன்று ஈன முடியாமல் கிடந்தது. மிருக வைத்தியர் வந்துசேர ஒரு மணித்தியாலமாகும் என்றார்கள். நான் தும்புத்தடியைப் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தேன்.

வன்னியில் எங்கள் வீட்டில் மாடுகள் நின்றன. கடைசி இடப்பெயர்வில் அத்தனையின் கயிற்றையும் என் கையாலேயே அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் நடந்தேன். கொஞ்சத் தூரம் பின்னால் வந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த காரியத்துக்கு இது காரணம். சாட்டு அல்ல, காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் வந்தது ஒரு நாகு, பெண் கன்று. வெள்ளை முகத்தில், மூக்கின் இடப்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு. மூக்குத்தி என்று கூப்பிட்டேன். சின்யோராவின் புத்தகத்தில் அதற்கு வெறும் இலக்கம்தான். அடுத்த மாதமே என்னை வீட்டு வேலையிலிருந்து பட்டி வேலைக்கு மாற்றிவிட்டார்.

எங்கள் பட்டி ஒரே வழியில் வந்த பட்டி. அப்போது அங்கே ஒரு கிழட்டு நாம்பன் நின்றது. அதன் நல்ல குணமெல்லாம் பட்டியில் நிலைக்கவேண்டும் என்று, சின்யோராவின் தகப்பன் அதன் மக்கள், பேரப்பிள்ளைகளுக்குள்ளேயே சோடி சேர்த்து வந்தவர். இதை எனக்கு விளங்கப்படுத்தச் சின்யோரா பேப்பரில் கோடு கோடாகக் கீறினார்.

"விளங்குது, விளங்குது," என்றேன். "எங்கடை ஆக்களும் இப்பிடித்தான். நான் கட்டினது என்ர மாமான்ர மகனை."

சின்யோரா பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்து இதை என் மனுசனுக்குச் சொன்னேன். அவர் துறைமுகத்தில், கப்பல்கள் வந்து நிற்கும்போது உள்ளே கூட்டித் துடைக்கும் வேலை செய்தவர். "அப்ப நானும் மார்க் எடுத்துத்தான் வந்தனான் எண்டு சொல்லும்," என்றார். "உங்களை அம்மா என்ர தலையில கட்டினவ. மார்க் போட்டிருந்தா நீங்கள் எப்பவோ லொறியில," என்றேன். அதற்குப் பிறகு பட்டியைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம், "என்ர சொந்தக்காரர் எப்பிடி இருக்கினம்?" என்றுதான் கேட்பார்.

பகிடி இருக்கட்டும். ஒரே வழியில் சோடி சேர்த்தால் நல்லது நிலைக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் குறையும் ஒருநாள் வெளியே வரும். தாயிலும் தகப்பனிலும் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால்தான் அது கன்றில் தெரியும். தாயைப் பார்த்தால் தெரியாது, தகப்பனைப் பார்த்தாலும் தெரியாது, இரண்டும் அழகாகத்தான் நிற்கும். ஆகவே இந்த மாதிரிப் பட்டியில் கண்ணால் பார்ப்பது பாதி வேலை. மற்றப் பாதி புத்தகம். எந்தப் பசு எப்படிக் கன்று போட்டது என்று அதில் எழுதியிருப்பதை நம்பித்தான் மார்க் போடுகிறோம்.

முதல் தடவை மார்க் போடும் நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்றவர்கள் குளம்பைப் பார்த்தார்கள், மடியைப் பார்த்தார்கள், கண்ணைச் சுற்றிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த ஊர் வெயிலில் கண்ணைச் சுற்றி வெறும் வெள்ளையாக இருந்தால் கண்ணில் புற்று வரும். நான் மட்டும் சுழி தேடிக்கொண்டு சுற்றி வந்தேன். நல்ல ஒரு நாம்பனை, முதுகுச் சுழி சரியில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"சரியில்லாட்டி என்ன செய்யும்?" என்று சின்யோரா கேட்டார். அவர் இத்தாலியனில் சொன்னதையெல்லாம் எனக்கு வாய்க்கு வரும் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

"வீட்டுக்குக் கூடாது."

"நாங்கள் அதை வீட்டுக்குள்ளயா கட்டப்போறம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது, பிறகு நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பிழையை நான் வாய்விட்டுச் சொன்னபடியால் ஒரு நிமிடத்தில் திருத்தினார்கள். அடுத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூக்குத்தி வளர்ந்து முதல் கன்று போட்டது. கிழட்டு நாம்பனுக்குப் பிறந்த ஆண் கன்று. அப்படி ஒரு கன்றை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. நேர் முதுகு, அகன்ற நெஞ்சு, சாந்தமான குணம். சின்யோரா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தகப்பன் உயிரோடு வந்துவிட்ட மாதிரி முகம் மலரும். அடுத்த வருடம் மாரியில், வேறொரு நாம்பனுக்கு, மூக்குத்தி இரண்டாவது கன்று போட்டது.

அந்தக் கிழமை மழையில் மலைப்பாதை இடிந்து, சின்யோராவால் பலேர்மோவிலிருந்து வரமுடியவில்லை. ஒலிவ் மரங்களுக்கு அப்பால் இருக்கும் பழைய கற்கொட்டிலில் மூக்குத்தி தனியாக ஈன்றிருந்தது. போய்ப் பார்த்தேன். கன்றின் உடம்பில் மயிர் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருண்ட பூனைமயிர், மற்றதெல்லாம் வெறும் தோல். கண் மட்டும் நல்ல தெளிவு. மூக்குத்தி அதை நக்கி நக்கிச் சூடாக்கப் பார்த்தது.

பண்ணையில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. சின்யோராவின் தகப்பன் வைத்தது. குறையுள்ள கன்று போட்ட பசு அடுத்த லொறியில் போகவேண்டும். இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே இல்லை. ஒரே வழிப் பட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேறு வழியில்லை என்பாராம்.

ஐயோ, என் கையில் பிறந்தது அது. ஏற்கெனவே ஒரு முறை கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தவள் நான். இன்னொரு முறை என்னால் முடியாது என்று மனம் கிடந்து அடித்தது.

சூடான கொட்டில் வீட்டுக்குப் பக்கத்தில். அங்கே கொண்டுபோனால் மற்ற வேலையாட்கள் காண்பார்கள். ஆகவே கன்றை அந்தக் கற்கொட்டிலிலேயே விட்டேன். ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலை அது விறைத்துக் கிடந்தது. புதைத்தேன். புத்தகத்தில், மூக்குத்தியின் இலக்கத்துக்கு நேரே, "குளிரில் செத்தது" என்று எழுதினேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் மார்க் போடும் நாள் வந்தது. மூக்குத்தியின் மூத்த மகனுக்குக் கால், முதுகு, கண், குணம் எல்லாவற்றிலும் முதல் மார்க். கடைசியாகத் தாயின் சரித்திரம். சின்யோரா புத்தகத்தைப் புரட்டி, "இரண்டாவது கன்று குளிரில் செத்தது. வேற குறையில்லை. சரிதானே?" என்று என்னைப் பார்த்தார்.

"ஓம், சரி," என்றேன்.

பிள்ளைகளே, அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் போனது. எழுதினதை அந்த இடத்தில் திருத்தியிருக்கலாம். எல்லோரும் சந்தோசமாக நிற்கும்போது ஒருத்தி மட்டும் "இல்லை" என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. குளம்பும் மடியும் ஆறு மாதத்தில் பழகிவிடும். இது பழகாது.

அந்த நாம்பனை, இன்னும் கன்று போடாத சில நாகுகளோடு விட்டோம். மாரி வர, சார்டீனியாத் தீவிலிருந்து ஒரு பண்ணைக்காரர் வந்து பார்த்து, தன் பட்டிக்குத் தகப்பனாக அதுதான் வேண்டும் என்று கேட்டார். சின்யோரா விற்கச் சம்மதித்தார். குறித்த நாளன்று காலை லொறி நாம்பனை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்பட்டது. பத்திரங்களோடு சின்யோரா முன்னால் காரில் போனார். பின்னேரம் கப்பல்.

லொறி போய் இரண்டு மணித்தியாலம் இருக்காது, அந்த நாகுகளில் ஒன்று கன்று போட்டது. மயிர் இல்லை.

கொட்டில் வாசலிலேயே இருந்துவிட்டேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சின்யோராவுக்கு எடுத்தேன், அவர் போனை எடுக்கவில்லை. மனுசனுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். பழைய கன்றைப் பற்றி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இஞ்சேரும், ஒருத்தரும் காணேல்லைத்தானே?" என்றார். "போன முறை மாதிரிச் செய்துபோட்டு இரும். நாம்பன் கப்பல் ஏறினா ஏறட்டும்."

"அங்கை போய் அந்தப் பட்டி முழுக்க இதைப் பரப்புமப்பா. அந்தச் சார்டீனியாக்காரர் நம்பி வாங்கினவர்."

"அடுத்த மாதம் குவெஸ்தூராப் பொலிசுக்கந்தோருக்குப் போகவேணும். வதிவிடப் பெர்மெசோ புதுப்பிக்க வேலைக் கடிதம் வேணும். சின்யோரா தராட்டி நாங்கள் எங்கை போறது? யோசிச்சுக் கதையும்."

"யோசிச்சுத்தான் போன முறை செய்தனான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நான் துறைமுகத்துக்கு வாறன். அந்த லொறி எங்கை நிக்குது எண்டு பாத்து வையுங்கோ."

"உமக்கு விசர்," என்றார். பிறகு, "கவனமா ஓடும், றோட்டு வழுக்கும்," என்றார்.

என் ஸ்வெற்றரைக் கழற்றிக் கன்றுக்குப் போட்டேன். முன்னங்கால் இரண்டையும் கைக்குள் விட்டால் அளவாகத்தான் இருந்தது. பண்ணையின் வான் வண்டியில் பக்கத்துச் சீற்றில் படுக்கவைத்து, ஹீற்றரை முழுக்கத் திறந்துவிட்டு ஓடினேன். வழியெல்லாம் அது என் விரலைச் சூப்பிக்கொண்டு வந்தது. நகரத்துக்குள் வாகன நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் "திரும்பிப் போ" என்று மனம் சொன்னது. பின்னால் நின்றவன் ஹோன் அடித்து அடித்து என்னை முன்னால் தள்ளினான். அவன் நல்லாயிருக்கவேண்டும்.

துறைமுக வாசலில் மனுசன் வேலை உடுப்போடு நின்றார். ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்து, லொறி வரிசையைக் காட்டினார். கப்பலின் வாய் திறந்து, வாகனங்கள் ஏறத் தொடங்கியிருந்தன. எங்கள் லொறிக்கு முன்னால் நாலைந்துதான்.

சின்யோரா என்னைக் கண்டு ஓடிவந்தார். வான் கதவைத் திறந்தார். ஸ்வெற்றரைத் தூக்கிக் கன்றின் வெறும் தோலைப் பார்த்தார். அந்த நாம்பனின் கன்று என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் நேரே போய்ச் சாரதியிடம், "வெளியில எடு. நாம்பன் போகாது," என்றார். சாரதி கத்தினான், கையை ஆட்டினான், கடைசியில் லொறியை வரிசையிலிருந்து எடுத்தான்.

வந்த வேலை முடிந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். கன்றைக் காட்டிவிட்டேன், நாம்பன் நின்றுவிட்டது, பழைய கதை மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும். அப்போதுதான் சின்யோரா லொறியில் சாய்ந்துகொண்டு, தனக்குள் கதைக்கிற மாதிரிச் சொல்லத் தொடங்கினார்.

"இந்த நாம்பனுக்கு இது எங்கையிருந்து வந்தது? தாய் சுத்தம், புத்தகத்தில இருக்கு. அப்ப தகப்பன்தான். அப்பாவின்ர அந்தக் கிழட்டு நாம்பன்." முகத்தைத் துடைத்தார். "அவனையும் அவன்ர மகள்மார் எல்லாரையும் அனுப்பவேணும். நாளைக்கே லொறிக்குச் சொல்லு. அப்பாவின்ர சட்டம் அது."

கிழவனின் மகள்மார் என்றால் பட்டியில் பாதி.

மனுசன் என்னைப் பார்த்தார். தொலைபேசியில் அத்தனை கதைத்தவர், இப்போது தலையை மெல்ல ஆட்டினார், சொல்லு என்று. அவரைக் கட்டி இத்தனை வருடத்தில் அன்றைக்கு வந்த அன்பு வேறு எந்த நாளும் வந்ததில்லை.

"சின்யோரா, தாய் சுத்தமில்லை," என்றேன். "அந்த இரண்டாவது கன்றுக்கும் மயிர் இல்லை. நான்தான் ஒளிச்சனான். நான்தான் அப்பிடி எழுதினனான்."

சின்யோரா என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி வாகனமும் ஏறி, கதவு மூடுகிறவரைக்கும் நின்றார்.

"பங்குனியில உன்னைக் கேட்டனான்," என்றார் பிறகு.

"ஓம்."

"சட்டம் உன்னைப் பயப்படுத்தினது. அது எனக்கு விளங்குது. ஆனா எழுதினது உன்ர கை."

"ஓம், சின்யோரா."

அவ்வளவுதான். மனுசன் வேலைக்குத் திரும்பிப் போனார். நாங்கள் இருவரும் நாம்பனையும் கன்றையும் கொண்டு மலைக்குத் திரும்பினோம்.

பட்டியில் ஒவ்வொரு மாட்டின் வாலிலும் மயிர் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மறுமொழி வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தபோது மூக்குத்தியில் குறை இருந்தது. அதன் மகனில் இருந்தது. இரண்டாவது கன்றின் தகப்பனில் இருந்தது, அதற்குப் பிறந்து, இந்த மயிரில்லாத கன்றைப் போட்ட நாகிலும் இருந்தது. கிழட்டு நாம்பனில் இல்லை. நான் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால், குறையில்லாத கிழவனும் அதன் மகள்மாரும் போயிருக்கும், குறையுள்ள என் மூக்குத்தி நின்றிருக்கும்.

தகப்பனின் சட்டத்தைச் சின்யோரா அந்த மாதமே மாற்றினார். ஒளிக்க வைக்கிற சட்டம் பட்டியைக் காப்பாற்றாது என்றார். குறை உள்ள பசு லொறி ஏறாது, வேறு இன நாம்பனோடு சேர்ப்போம், அதன் கன்றுகள் இறைச்சிக்குப் போகும். மூக்குத்தி உயிரோடு நின்றது. வருடா வருடம் கன்று போட்டது. வருடா வருடம் அவற்றை நானே லொறியில் ஏற்றினேன். இரண்டு நாள் மூக்குத்தி வேலி ஓரமாகக் கத்திக்கொண்டு நடக்கும். அந்த அழகான மகனும் போனது, அதையும் நான்தான் ஏற்றினேன். வேறு ஒருவரும் அதைச் செய்ய நான் விடவில்லை.

வேலைக் கடிதம் கேட்காமலே வந்தது. ஆனால் ஒரு வருடம் புத்தகமும் பேனையும் என் கைக்கு வரவில்லை. அது நியாயம்தான்.

மயிரில்லாத அந்தக் கன்றைச் சூடான கொட்டிலில் வைத்தோம். மனுசன் பலேர்மோவின் பலரோ சந்தையில் குவித்து விற்கும் பழைய ஸ்வெற்றர்களில் நாலைந்து வாங்கி வந்தார். "சொந்தக்காரருக்கு உடுப்பு," என்றார். தையிலும் மாசியிலும் அது மாற்றி மாற்றி அவற்றைப் போட்டுக்கொண்டு திரிந்தது. நல்ல மழை பெய்த ஒரு நாள், பச்சை ஸ்வெற்றரோடு வெளியே ஓடி, முற்றம் முழுக்கத் துள்ளிவிட்டுத் திரும்பி வந்து தாயிடம் பால் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

வருடம் முடிந்து, அடுத்த மார்க் போடும் நாளுக்கு முதல்நாள், சின்யோரா புத்தகத்தை மேசையில் விரித்து, பேனையை என் முன்னால் வைத்தார். மூக்குத்தியின் பக்கம்.

"பழசை ஒரு கோட்டால வெட்டு. வாசிக்கக்கூடிய மாதிரி இருக்கவேணும். கீழ சரியானதை எழுது."

பேனையை எடுத்தேன். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். குளிரில் செத்தது. வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்வெற்றரும் சூடான கொட்டிலும் கிடைத்திருந்தால் அதுவும் துள்ளியிருக்கும். வெட்டாமல், கீழே எழுதி, என் பெயரையும் போட்டேன்.

மார்க் போடும் நாளுக்கு முன்பு அந்தப் பக்கத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். படம் எடுக்க வேண்டாம், வாசியுங்கள். இப்படி இருக்கும்: "மயிரில்லாமல் பிறந்தது. தாயைக் காப்பாற்ற நான் ஒளித்துவைத்தேன். அதனால்தான் குளிரில் செத்தது."